உரைப்பகுதியில் சொற்பொருள் காண மாணவரைப் பழக்குவது எப்படி? 9, 10-ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

‘கிருஷ்ணகிரி அணையிலிருந்து உபரிநீர் வெளியேற்றம், ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை.’ மழைக்காலத்தில் நம் பக்கத்து நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் வரி இது. பத்தாம் வகுப்பில் யாரை எழுப்பினாலும் தடுமாறாமல் வாசித்துவிடுவார்கள். “உபரிநீர்னா என்ன?” என்று கேட்டால்தான் சிக்கல். “தண்ணிதான் சார்” என்று ஒரு குரல் வரும். எந்தத் தண்ணீர், அணையில் இருக்கும் மற்ற தண்ணீருக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று அடுத்த கேள்வி போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

கதையிலும் செய்யுளிலும் ஒரு சொல் புரியாவிட்டாலும் ஓட்டத்தில் கடந்துவிடலாம். செய்தி, அறிவியல் பாடம், அரசு அறிவிப்பு, உர மூட்டையின் பின்பக்கம் ஆகியவற்றில் அப்படிக் கடக்க முடியாது. அங்கே ஒரு சொல் தவறினால் தகவலே தவறிவிடும். பொருளைச் சொல்லிக்கொடுப்பது எளிது. உரைக்குள்ளிருந்து ஆதாரம் காட்டி மாணவரே பொருளை நிறுவப் பழக்குவதுதான் கடினம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலைக்கானது. தமிழாசிரியருக்கு மட்டும் உரியதும் அன்று; அறிவியல், சமூக அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பாதிப் பங்கு இருக்கிறது.

உரையைத் தேர்ந்தெடுப்பது

ஒரு பாடவேளைக்கு 120 முதல் 180 சொற்கள் கொண்ட ஒரே பகுதி போதும். முழுச் செய்தியையும் கொடுத்தால் வாசிப்பதிலேயே நேரம் போய்விடும். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் மாணவருக்குத் தெரியாதவை என்றால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். சுற்றியுள்ள சொற்களும் புரியாத இடத்தில் ஊகிக்கச் சொல்வது வீண்.

உள்ளூர் உரைகள் நன்றாக வேலை செய்யும். ஒகேனக்கல் நீர்வரத்து, மாங்கூழ் ஆலை விலைப் பேச்சுவார்த்தை, தளி, ஜவளகிரி பக்கம் யானை நடமாட்டம், ராகி கொள்முதல், குடிநீரில் புளோரைடு என நிகழ்வு மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் சொல்லைத் துருவ மூளைக்கு இடம் கிடைக்கும். ஆனால் எல்லா வாரமும் உள்ளூர்ச் செய்தியாகவே போனால், உரையைப் படிக்காமல் ஊர் அறிவை வைத்தே பதில் சொல்லத் தொடங்குவார்கள். மூன்று உள்ளூர் உரைக்கு ஒரு பாடநூல் உரை என்று கலந்து கொடுங்கள்.

நகல் எடுக்க வசதியில்லாவிட்டால் கரும்பலகையில் எழுதிப்போடலாம். அப்போது 80 சொல்லுக்கு மேல் வேண்டாம். வரிகளுக்கு எண் கட்டாயம் போடுங்கள். “எந்த வரியில் இருந்து எடுத்தாய்?” என்பதுதான் இந்த முறை முழுவதற்கும் அடிப்படைக் கேள்வி.

எந்தச் சொற்களைப் பிடிப்பது

ஒரு பகுதிக்கு ஐந்து சொல், ஆறானால் அதிகம். கடினமான சொல்லெல்லாம் முக்கியமான சொல் ஆகாது. அந்தச் சொல் புரியாவிட்டால் பத்தியின் கருத்து குலையுமா என்று பாருங்கள். குலையாது என்றால், அதன் பொருளை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முன் மாணவர் அமைதியாக ஒரு முறை வாசித்து, பென்சிலில் மூன்று குறி போடட்டும்: நன்றாகத் தெரிந்ததற்கு டிக், கேள்விப்பட்டது ஆனால் உறுதியில்லை என்றால் கேள்விக்குறி, தெரியவே தெரியாது என்றால் பெருக்கல் குறி. ஐந்து நிமிடம். பெருக்கல் குறிகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஆபத்து டிக் போட்ட சொற்களில்தான் இருக்கிறது. ‘வேலை’, ‘திறன்’, ‘சார்பு’, ‘ஊடகம்’ எல்லாவற்றுக்கும் டிக் விழும். பாடத்தில் அவற்றின் பொருள் வேறு.

ஒரு சொல்லை எப்படித் துருவுவது

வரிசை இதுதான். சொல் வரும் வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். அங்கே துப்பு தரும் சொல்லை அடிக்கோடிட வேண்டும். சொல்லைப் பிரிக்க முடிந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு தன் சொந்த வார்த்தையில் ஒரு பொருளை எழுதி, அதை மூல வாக்கியத்தில் அதே இடத்தில் வைத்து, வாக்கியம் நிற்கிறதா என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். அகராதி கடைசியில்தான்.

துப்புச் சொற்களின் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒரு சார்ட்டில் ஒட்டிவிடுங்கள். ‘என்பது’, ‘எனப்படும்’, ‘அதாவது’ வந்தால் விளக்கம் பக்கத்திலேயே இருக்கும். ‘போன்ற’, ‘முதலிய’ வந்தால் எடுத்துக்காட்டு. ‘ஆனால்’, ‘மாறாக’, ‘அன்றி’ வந்தால் எதிர்ப்பொருள். ‘இதனால்’, ‘-ஆல்’, ‘எனவே’ வந்தால் காரணமும் விளைவும். இவற்றோடு ஐந்தாவது ஒன்றும் உண்டு, பலர் விட்டுவிடுவது: எண்ணும் அலகும்.

இப்போது ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்போம். நாளிதழ் நடையில் பயிற்சிக்காக எழுதியது.

1. தென்பெண்ணையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் தொடர் மழையால் கிருஷ்ணகிரி அணைக்கு நீர்வரத்து அதிகரித்துள்ளது.
2. அணையின் மொத்த உயரமான 52 அடியில் நீர்மட்டம் 50 அடியை எட்டியுள்ளதால், அணையின் பாதுகாப்பு கருதி உபரிநீர் மதகுகள் வழியாக வெளியேற்றப்படுகிறது.
3. இதனால் அணை முன்புள்ள தரைப்பாலம் மூழ்கியுள்ளது.
4. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரையில் தாழ்வான பகுதிகளில் வசிப்போர் மேடான இடங்களுக்குச் செல்ல அறிவுறுத்தப்பட்டுள்ளனர்.

‘தாழ்வான’ சொல்லில் தொடங்குங்கள். அது எளிது, நம்பிக்கை தரும். அதே வரியில் ‘மேடான’ இருக்கிறது. எதிர்ப்பொருள் துப்பு. முடிந்தது.

‘தரைப்பாலம்’ பிரித்தால் தரை + பாலம். தரையை ஒட்டிய பாலம். ஏன் மூழ்கியது என்பதும் அதிலேயே விளங்கிவிடுகிறது. பிரித்துப் பார்க்கும் முறை முழு வெற்றி பெறும் இடம் இது.

‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யில் அதே முறை காலை வாரும். நீர் + பிடிப்பு என்று சரியாகப் பிரித்துவிட்டு, “தண்ணி பிடிக்கிற இடம், குழாயடி சார்” என்று சொல்ல எல்லா நியாயமும் மாணவருக்கு இருக்கிறது. வீட்டில் தண்ணீர் பிடிப்பது குழாயில்தானே. இன்னும் கொஞ்சம் யோசித்தவர் “அணையில் தண்ணி தேங்குற இடம்” என்பார். தவறு என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘குழாயடியில் பெய்த மழையால் அணைக்கு நீர் வந்தது’ என்றால் வகுப்பே சிரித்து அதைத் தள்ளிவிடும். இரண்டாவதைத் தள்ளக் கொஞ்சம் உழைப்பு வேண்டும்: மழை பெய்த இடம் ஒன்று, நீர் வந்து சேரும் இடம் வேறொன்று என்பதை ‘அணைக்கு’ என்ற சொல்லில் உள்ள ‘-க்கு’ காட்டுகிறது. ஆகவே, எங்கே பெய்யும் மழை இந்த ஆற்றுக்கு வடிகிறதோ அந்த நிலப்பரப்பு. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியாக வருகிறது என்பதை இந்த இடத்தில் வரைபடத்தில் காட்டினால், ஊரில் வெயில் அடிக்கும்போதும் அணை ஏன் நிரம்புகிறது என்பதும் புரியும்.

‘உபரி’யைப் பிரிக்க முடியாது. இரண்டாம் வரியின் ‘எட்டியுள்ளதால்’ காரணத் துப்பு. ‘பாதுகாப்பு கருதி’ இன்னொன்று. அணை தாங்கக்கூடியதற்கு மேல் உள்ளது என்று மாணவர் வந்து சேர வேண்டும். ‘தேவையில்லாத நீர்’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். வேண்டாத நீர் அன்று, தேக்க இடமில்லாத நீர். (உபரி ஆசிரியர், அவர்களை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவல் என்று ஆண்டுதோறும் கேட்கும் நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.)

‘நீர்வரத்து’, ‘நீர்மட்டம்’, ‘நீர் இருப்பு’ மூன்றையும் மாணவர் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். இங்கேதான் அலகு உதவும். மட்டம் அடியில் வரும். இருப்பு கன அடியில், பெரிய அணை என்றால் டி.எம்.சி.யில் வரும், 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வரத்து ‘விநாடிக்கு’ என்ற சொல்லோடு வரும். மேட்டூர் அணைச் செய்தி ஒன்றைக் கொடுத்து 120 அடி, 93.47 டி.எம்.சி., விநாடிக்கு இத்தனை கன அடி ஆகியவற்றில் எது எந்தச் சொல்லுக்கு உரியது என்று பொருத்தச் சொல்லுங்கள். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். விநாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் 12,000 லிட்டர் லாரி இரண்டுக்கு மேல் ஒவ்வொரு விநாடியும் வந்து கொட்டுகிறது என்று கணக்குப் போட்டுவிட்டால் ‘வரத்து’ மறக்காது.

இந்த ஒரு பகுதிக்கே முழுப் பாடவேளை ஆகிவிடும். ஆகட்டும். முதல் மூன்று வாரம் வேகம் பார்க்கக் கூடாது.

தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்

அறிவியல், கணித ஆசிரியர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் வகுப்பில் செய்ய வேண்டும். மாங்கூடையைத் தலையில் வைத்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றவர் செய்த ‘வேலை’ இயற்பியல்படி சுழி; இடப்பெயர்ச்சி இல்லை. வீட்டில் போய்ச் சொன்னால் அடி விழும், ஆனால் தேர்வில் அதுதான் விடை. ‘திறன்’ என்பது பேச்சில் திறமை. எந்திரத்துக்கு வாட்டில் அளப்பது. லென்சுக்கு டையாப்டரில் அளப்பது. ‘வீச்சு’ புள்ளியியலில் மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு; அலைகளைப் பற்றிய பாடத்தில் துகள் நடுநிலையிலிருந்து விலகும் பெரும அளவு. ‘திட்டவிலக்கம்’ என்பதில் உள்ள ‘திட்ட’வுக்கும் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் தொடர்பு தேடிக் குழம்பும் பிள்ளைகள் உண்டு. ‘சார்பு’ கணிதத்தில் ஒன்று, ‘சார்புநிலை எடுக்காதே’ என்பதில் வேறு.

செய்முறை எளிது. நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து இடப்பக்கம் ‘ஊரில்’, வலப்பக்கம் ‘பாடத்தில்’ என்று தலைப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு வாக்கியம். பொருளை மட்டும் எழுத விடாதீர்கள், வாக்கியம் வேண்டும். வாரத்துக்கு நான்கு சொல். தமிழ்ப் பாடநூலில் ‘கலைச்சொல் அறிவோம்’ பகுதி இருக்கிறது. அதை மனப்பாடப் பட்டியலாக விடாமல் இந்த மடிப்புப் பக்கத்துக்குள் கொண்டுவரலாம்.

புளோரைடு பற்றிய உரை இதற்கு மிகப் பொருத்தம். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடின் ‘ஏற்கத்தக்க வரம்பு’ லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் ‘அனுமதிக்கத்தக்க வரம்பு’ 1.5 மில்லிகிராம். இரண்டு தொடரும் ஒன்றுதானே என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். ‘மாற்று நீராதாரம் இல்லாத நிலையில்’ என்ற நிபந்தனையை யார் முதலில் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கலாம். அடுத்து இந்த வாக்கியம்: ‘நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது, நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடும்.’ செறிவு என்றால் என்ன? உப்பின் அளவு அப்படியே இருக்கிறது, நீர் குறைகிறது, ஆனால் ஏதோ ஒன்று கூடுகிறது. கூடுவது எது என்று கேட்டால் ‘ஒரு லிட்டரில் எவ்வளவு’ என்ற பொருளுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். அதே சொல் ரேஷன் அரிசி மூட்டையில் ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ என்று இருக்கிறது. இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்த மணிகள் கலந்த அரிசி. அந்தச் சொல் புரியாவிட்டால் பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தி எளிதாகப் பரவும்.

சொல்லின் சாய்வு

செய்தியில் எந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள் என்பதிலேயே ஒரு நிலைப்பாடு இருக்கும். பலகையில் நான்கு தலைப்பு எழுதுங்கள்: ‘தேன்கனிக்கோட்டை அருகே யானைகள் நடமாட்டம்’, ‘யானைகள் முகாம்’, ‘யானைகள் அட்டகாசம்’, ‘யானைகள் வலசை’. நிகழ்வு ஒன்றே. எந்தத் தலைப்பில் யானை குற்றவாளி? எதில் அது தன் வழியே போகிறது? எந்தத் தலைப்பை வனத்துறையும், எதை ராகி வயல் இழந்த விவசாயியும் எழுதியிருப்பார்கள்? ‘முகாம்’ படைக்கும் மருத்துவத்துக்கும் உரிய சொல்லாயிற்றே, யானைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் உருவக வழக்கும் கைவசப்படும். இதே போல ‘கேட்டுக்கொண்டனர்’, ‘வலியுறுத்தினர்’, ‘எச்சரித்தனர்’, ‘அறிவுறுத்தினர்’, ‘உத்தரவிட்டனர்’ ஆகியவற்றை ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லலாம். ஒரு பாடவேளை போதும்.

அகராதியைத் தொடும்போது

தமிழ் அகராதியில் மாணவர் தோற்பதற்கு இரண்டு காரணம். உரையில் இருக்கும் வடிவம் அகராதியில் இருக்காது என்பது ஒன்று. ‘மேற்கொள்ளப்பட்டுவருகின்றன’ என்று தேடினால் கிடைக்காது. ‘மேற்கொள்’ என்று உரிக்க வேண்டும். ‘தணிக்கைக்குட்படுத்தப்பட்ட’ என்றால் தணிக்கை, உட்படுத்து என இரண்டாக. தினமும் மூன்று நீள வினைகளை உரிக்கும் பயிற்சி, ஐந்து நிமிடம், பத்து நாள் செய்தால் வந்துவிடும். வரிசை தெரியாதது மற்றொன்று. அச்சு அகராதிகளில் பொதுவாக மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். ‘பக்கம்’ பார்த்த பிறகுதான் ‘பகல்’. ல, ழ, ள வரிசையிலும் ர, ற இடத்திலும் தடுமாறுவார்கள்.

சொல்லைக் கண்டுபிடித்த பிறகு முதல் பொருளை எழுதிக்கொண்டு மூடிவிடுவது அடுத்த தவறு. ‘வழங்கு’ என்பதற்குக் கொடு என்றும், வழக்கில் இரு என்றும் பொருள். ‘கேழ்வரகு இப்பகுதியில் ராகி என்று வழங்கும்’ என்ற வாக்கியத்தில் முதல் பொருளை வைத்தால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லாப் பொருளையும் படித்து, வாக்கியத்தில் வைத்துப் பார்த்து, பொருந்துவதன் எண்ணைக் குறிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அகராதிகளை இலவசமாகத் தேடலாம். கலைச்சொல்லுக்குச் சொற்குவைத் தளம் உண்டு.

எங்கே கெட்டுப்போகும்

ஆசிரியர் பொறுக்கமாட்டாமல் விடையைச் சொல்லிவிடுவதுதான் முதல் கோளாறு. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கைடில் உள்ள பொருளை மாணவர் ஒப்பிப்பது இரண்டாவது; கைடில் இல்லாத உரையைக் கொடுத்தால் அது தானே ஓடிவிடும். ‘கொள்முதல் என்றால் கொள்முதல் செய்வது’ என்று வட்டமடிக்கும் விடைக்கு ஒரே விதி: கேட்ட சொல்லோ அதன் பகுதியோ விடையில் வரக் கூடாது. நான்கு பேர் குழுவில் ஒருவரே எழுதி மூவர் வேடிக்கை பார்ப்பதைத் தடுக்க, ஒருவர் துப்பு வரி, ஒருவர் பிரிப்பு, ஒருவர் பொருள், ஒருவர் பொருத்திப் படித்தல் என்று வேலையைப் பகிர்ந்து, அடுத்த சொல்லுக்கு இடம் மாற்றிவிடுங்கள்.

எல்லா உரையும் துப்பு தராது என்பதையும் மாணவரிடம் சொல்ல வேண்டும். ‘முத்தரப்புக் கூட்டத்தில் மாங்காய் விலை குறித்து முடிவு எட்டப்படவில்லை’ என்ற ஒற்றை வரியில் மூன்று தரப்பு யார் என்று இல்லை. விவசாயிகள், மாங்கூழ் ஆலையினர், அதிகாரிகள் என்பது கிருஷ்ணகிரிக்காரருக்குத் தெரியும்; தஞ்சாவூர் மாணவருக்குத் தெரியாது. ‘உரையில் ஆதாரம் இல்லை, வெளியே தேட வேண்டும்’ என்பதும் முழு மதிப்பெண்ணுக்குரிய விடையே.

வீட்டுமொழி வேறாக உள்ள பிள்ளைகள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பர்கூர் பக்கங்களில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் பலர். ஒரே ஒலியில் வேறு பொருள் உள்ள சொற்களில் கவனம் வேண்டும். தமிழில் ‘அவசரம்’ என்பது விரைவு, தெலுங்கில் தேவை. ‘அவசரப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற அறிவிப்பைத் தெலுங்கு வீட்டுப் பிள்ளை ‘தேவைப்பட்டால் பயன்படுத்தலாம்’ என்று எடுத்துக்கொண்டால் அது கவனக்குறைவு ஆகாது. இதைத் தவறாகத் திருத்தாமல், மடிப்புப் பக்கத்தில் ‘வீட்டில்’ என்று மூன்றாவது நெடுவரிசை சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அது புதுச் செய்தியாக இருக்கும்.

கால அட்டவணையும் மதிப்பீடும்

வாரம் ஒரு பாடவேளை, எட்டு வாரம். முதல் மூன்று வாரம் ஆசிரியர் வாய்விட்டு யோசித்துக் காட்ட, வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே உரை. அடுத்த மூன்று வாரம் குழுவாக. கடைசி இரண்டு வாரம் தனியாக. தேர்வு நெருக்கத்தில் தொடங்காதீர்கள். ஜூலையில் தொடங்கினால் காலாண்டுக்கு முன் முடியும்.

மதிப்பீட்டுக்கு முன்பின் பார்த்திராத 150 சொல் உரை, ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண்: துப்பு வரியின் எண்ணும் துப்புச் சொல்லும் காட்டியதற்கு இரண்டு, சொந்த வார்த்தையில் பொருளுக்கு ஒன்று, பொருத்தி எழுதிய வாக்கியத்துக்கு ஒன்று. பொருள் தவறி, துப்பு சரியாக இருந்தால் இரண்டைக் கொடுத்துவிடுங்கள். பொருள் மட்டும் சரியாக இருந்து துப்பும் வாக்கியமும் இல்லாவிட்டால் ஒன்றுதான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இதை எதிர்த்துச் சண்டைக்கு வருவார்கள். ஐந்தில் ஒரு சொல்லாவது டிக் போடத் தூண்டும் சொல்லாக இருக்கட்டும். விடைத்தாளைத் திருத்தும்போது எந்த வகைத் துப்பை வகுப்பு அதிகம் தவறவிட்டது என்று கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள் துப்பு பெரும்பாலும் தேறிவிடும். காரண விளைவும் அலகும் பின்தங்கும். அந்த இரண்டுக்கு மட்டும் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும், முழுச் சுற்றையும் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை.